"கொலம்பியா மரகதம்" எண்டு தந்தது செய்த கல்லாம். இப்ப நான் என்ன செய்ய?

வெள்ளவத்தைப் பொடிச்சி | ஞாயிறு, இரவு 9.42

வணக்கம் எல்லாருக்கும். நகை, கல்லு விசயம் தெரிஞ்ச ஆக்கள் இஞ்ச கனபேர் இருக்கிறியள், அதுதான் எழுதுறன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அம்மாவுக்கு வாற மாதம் அறுபது. அவ முந்தி ஒரு பச்சைக்கல் மோதிரம் போட்டிருந்தவ. 95 இடம்பெயர்வில, தென்மராட்சியில இருக்கேக்க, அதை வித்துத்தான் அரிசி சாமான் வாங்கினது. அதுக்குப் பிறகு அவ விரலில மோதிரம் எண்டு ஒண்டும் போட்டதில்லை. அறுபதுக்கு அதே மாதிரி ஒண்டு குடுப்பம் எண்டு நானும் தம்பியும் காசு சேர்த்தனாங்கள்.

மூண்டு கிழமைக்கு முந்தி செட்டியார் தெருவில ஒரு கடையில எடுத்தன். கடைப் பேர் கேக்காதேங்கோ, போடமாட்டன். 22 கரட் தங்க மோதிரம், கல்லின்ர நிறை 1.40 கரட். விக்கிற தம்பி சின்ன லைற்றை அடிச்சுக் காட்டி, "கொலம்பியாக் கல்லு அக்கா, உள்ளுக்க ஒரு பொட்டுப் பொடி இல்லை பாருங்கோ" எண்டார். கல்லுக்கு மட்டும் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். பில்லில எழுதியிருக்கிறது: "22கரட் மோதிரம் 1, பச்சைக்கல் 1". அவ்வளவுதான்.

அம்மாவுக்குத் தெரியக்கூடாது எண்டு, அவ நித்திரையா இருக்கேக்க விரலில நூல் சுத்தித்தான் அளவெடுத்தது. அது பிழைச்சுப் போச்சு, மோதிரம் பெருசு. திருப்பிக் கடைக்குக் குடுத்தா பத்து நாள் எண்டவை. அதால வீட்டுக்குக் கிட்ட ஒழுங்கையில இருக்கிற ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனன். அங்க இருந்த ஐயா லென்ஸைக் கண்ணில வைச்சு, மோதிரத்தைச் சரிச்சுச் சரிச்சுப் பாத்தார். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு, "பிள்ளை, இது செய்த கல்லு. நல்லாச் செய்திருக்கிறாங்கள்" எண்டார்.

எனக்கு அங்கயே அழுகை வந்திட்டுது. செய்த கல்லு எண்டா கண்ணாடியோ? அந்த ஐயா சொன்னது சரியோ எண்டு எங்க காட்டிப் பாக்கிறது? கடைக்குப் போய்க் கதைச்சா எடுபடுமோ?


மட்டுநகர் மீன் | ஞாயிறு, இரவு 9.58

கொழும்பில எடுத்த கல்லு எண்டு சொல்ல வந்திருப்பார், நாக்கு வழுக்கி கொலம்பியா ஆயிட்டுது.

(பகிடிக்கு. கோவிக்காதீங்க தங்கச்சி. காசு திரும்பி வரட்டும்.)


பட்டறைப்புகை | ஞாயிறு, இரவு 10.31

தங்கச்சி, அழாதீங்க. நான் கொட்டாஞ்சேனை. முப்பது வருஷமா கல்லுப் பதிக்கிற வேலை. அந்தப் பெரியவர் உங்களுக்கு நல்லதுதான் செஞ்சிருக்காரு.

அவர் ஏன் லென்ஸ வச்சாரு தெரியுமா? உங்க கல்லுக்கு விலை சொல்ல இல்ல. மோதிரத்த சின்னதாக்கணும்னா அடியில வெட்டி, ஒரு துண்டு எடுத்து, திரும்ப ஒட்டவைக்கணும். அதுக்குத் தீ வேணும். மரகதத்த வச்சுக்கிட்டு தீயக் காட்ட ஏலாது. இயற்கைக் கல்லுன்னா உள்ள வெடிப்பு இருக்கும், வெடிப்புக்குள்ள எண்ணெய் இருக்கும், குட்டிக் குட்டிக் குழியில தண்ணியே இருக்கும். சூடு ஏறினா டிக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான். 2003ல எனக்கு ஒன்னு அப்படிப் போச்சு. தீ கல்லுக்குக் கிட்டக்கூடப் போகல, பக்கத்து நகத்த ஊதினேன், அவ்வளவுதான். கல்லுக்காரருக்கு ரெண்டு வருஷம் கடன் கட்டினேன். அன்னையிலிருந்து மரகதம்னா முதல்ல லென்ஸ், அப்புறம் கல்லக் கழட்டு, அதுக்கப்புறம்தான் மத்த வேலை. (நகம்னா கல்லப் பிடிச்சிருக்கிற தங்கக் கம்பி. எங்க பாஷை.)

அவர் எப்படிக் கண்டுபிடிச்சிருப்பாருன்னு சொல்றேன்.

மண்ணுல விளைஞ்ச மரகதம் சுத்தமா இருக்காது. உள்ள பாத்தா பாசி புடிச்ச மாதிரி இருக்கும். பிரெஞ்சுக்காரன் அதத் தோட்டம்னே பேர் வச்சிருக்கான். நல்ல கொலம்பியாக் கல்லுல ஒரு குழி, குழிக்குள்ள தண்ணி, தண்ணிக்குள்ள ஒரு காத்துக் குமிழி, பக்கத்துல சதுரமா ஒரு உப்புக் கட்டி, மூணும் சேர்ந்து இருக்கும். அந்த உப்புக் கட்டிய முதல் தடவ லென்ஸ்ல பாத்தப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. மாஸ்டர் கையில இருந்து லென்ஸத் திரும்பக் குடுக்கவே மனசு வரல. சாம்பியாக் கல்லுன்னா கருப்பு மைக்காத் தகடு மெதந்துக்கிட்டு இருக்கும்.

செஞ்ச கல்லு ரெண்டு விதம். ஒன்னுல உள்ள வரி வரியா, அம்புத்தலை அடுக்கின மாதிரி வளர்ந்த தடம் தெரியும். சிலதுல ஆணி மாதிரி ஒரு கோடு, தலையோட. இன்னொன்னுல மெல்லிசா முக்காட்டுத் துணி மடிச்ச மாதிரி ஒரு திரை. அபூர்வமா பளபளன்னு வெள்ளைத் தகடு இருக்கும். அது பிளாட்டினம், கல்லு வளத்த பாத்திரத்துல இருந்து உதிர்ந்தது. காட்டுக்குள்ள எந்த மலையும் பிளாட்டினச் சட்டி வச்சு மரகதம் சமைக்காது.

இன்னொரு விஷயம். 1.40 கரட், கொலம்பியா, பொட்டுப் பொடி இல்ல, ஒரு லட்சத்துப் பத்தாயிரம்னு சொன்னப்பவே கொஞ்சம் யோசிச்சிருக்கணும். அவ்வளவு சுத்தமான கொலம்பியாக் கல்லு அந்த விலைக்கு வராது.


வெள்ளவத்தைப் பொடிச்சி | ஞாயிறு, இரவு 10.50

ஓம் அண்ணா. "பொட்டுப் பொடி இல்லை" எண்டு சொன்னதுக்குத்தான் நான் சந்தோசப்பட்டு வாங்கினது.


நல்லூர்_ரவுண்ட் | ஞாயிறு, இரவு 11.15

எதுக்கு இவ்வளவு பூசி மெழுகல்? செய்த கல்லு எண்டா போலி. போலியை ஒரிஜினல் எண்டு வித்தா ஏமாத்து. பொலிசுக்குப் போங்கோ. முடிஞ்சுது.


பளிங்குப்பைத்தியம் | திங்கள், காலை 6.20

நல்லூர் அண்ணை, "ஏமாத்து" என்பது சரி. "போலி" என்பதில்தான் எனக்குப் பிரச்சினை. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் அந்தத் தங்கச்சி கடையில் போய் வாதத்தில் தோற்றுவிடுவார். கடைக்காரர் "இது கண்ணாடி இல்லை, பரிசோதித்துப் பாருங்கள்" என்பார், பரிசோதனையிலும் மரகதம் என்றே வரும்.

மரகதம் என்பது பெரில் என்ற கனிமம். பெரிலியம், அலுமினியம், சிலிக்கன், ஒட்சிசன். அதில் துளி குரோமியமோ வனேடியமோ சேர்ந்தால் பச்சை. அதே பெரிலில் இரும்பு சேர்ந்தால் நீலமான அக்வாமரின். ஆய்வுகூடத்தில் வளர்ப்பதும் (லாப் கல்லு என்பது இதைத்தான்) இதே பெரில், இதே அணு அடுக்கு, இதே 7.5 முதல் 8 வரையான கடினம். கண்ணாடியில் அணு அடுக்கே கிடையாது, அது உறைந்த குழம்பு. ஆகவே இது போலி மரகதம் அல்ல. பிறந்த இடத்தை மறைத்து விற்ற மரகதம்.

வளர்க்கும் விதம் இரண்டு என்று பட்டறை அண்ணை சொன்னார். அந்தத் திரையும் அம்புத்தலையும் எங்கிருந்து வருகின்றன என்றால்:

முதலாவது உருகுகுழம்பு முறை. மரகதத்துக்குத் தேவையான ஒட்சைட்டுகளை லித்தியம் மொலிப்டேட் போன்ற ஒரு உப்புக் குழம்பில் கரைத்து, பிளாட்டினப் பாத்திரத்தில், பல நூறு பாகை வெப்பத்தில் மாதக்கணக்காக வைத்திருப்பார்கள். கல்லு அணு அணுவாகச் சேர்ந்து வளரும். ஒரு வருடம்கூடப் பிடிக்கும். வளரும்போது இடுக்கில் மாட்டிக்கொண்ட குழம்புதான் அந்த முக்காட்டுத் திரை. பிரான்சில் 1888இல் ஓட்ஃபேயும் பெரேயும் இந்த வழியில் சின்னப் பளிங்குகளை எடுத்துக் காட்டிவிட்டார்கள். நகையில் வைக்கக்கூடிய கல்லாக அதை விற்பனைக்குக் கொண்டுவந்தவர் சான் பிரான்சிஸ்கோவின் கரோல் சாதம், 1930களில். பிரான்சின் பியர் கில்சன் 1964இல் சந்தைக்கு வந்தார்.

இரண்டாவது நீர்வெப்ப முறை. தடித்த உருக்குக் கலத்துக்குள் நீர், அமிலம், மூலப்பொருட்கள், நடுவில் கம்பியில் தொங்கும் மெல்லிய பெரில் தகடு ஒன்று. மூடி இறுக்கி 500, 600 பாகைக்குச் சூடாக்கினால் உள்ளே வளியமுக்கத்தைப் போல பல நூறு மடங்கு அமுக்கம். தகட்டின் மேல் சில கிழமையில் மரகதம் படியும். அந்தத் தகட்டைச் சாய்வாக வெட்டித் தொங்கவிடுவதால்தான் அம்புத்தலை வரிகள் விழுகின்றன. 1960இல் ஆஸ்திரியாவின் லெக்லைட்னர் பட்டை தீட்டிய வெளிறிய பெரில் மேல் மெல்லிய மரகதத் தோல் வளர்த்தார். முழுக் கல்லாகச் செய்தது அமெரிக்காவின் லிண்டே, 1965இல். பிறகு அவுஸ்திரேலியாவின் பைரன், நோவசிபிர்ஸ்க்கின் டைரஸ். உங்கள் கல்லு இந்த வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சிலர் "செல்சி பில்டரில் பார், சிவப்பாகத் தெரிந்தால் ஒரிஜினல்" என்பார்கள். 1934இல் வந்த அந்தப் பச்சைக் கண்ணாடித் துண்டு கண்ணாடிக் கல்லைப் பிடிக்க நல்லது. லாப் கல்லைப் பிடிக்காது. லாப் மரகதத்தில் குரோமியம் நிறைய இருந்தால் இயற்கையை விடப் பளிச்சென்று சிவப்பாகத் தெரியும். இரும்பு அதிகமான இயற்கைக் கல்லு சிவக்காமலே இருக்கும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.


பேருவளை நானா | திங்கள், காலை 8.05

மேல உள்ள தம்பி படிச்சவர், வெளங்கிற மாதிரி சொல்லிட்டார். நான் யாவாரப் பக்கத்தச் சொல்றேன். வாப்பா, வாப்பாட வாப்பா, எல்லாரும் கல்லுதான்.

தங்கச்சி, எங்கட நாட்டுல நீலம் ஈக்கி, புஷ்பராகம் ஈக்கி, வைடூரியம் ஈக்கி, அலெக்சாந்திரைட் ஈக்கி. அக்வாமரினும் வருது. மரகதம் யாவாரத்துக்குச் சொல்ற மாதிரி இல்ல. கொழும்புல நீங்க பாக்கிற பச்சைக்கல்லு எல்லாம் வெளியில இருந்து வந்தது, அதுல கனக்க ஜெய்ப்பூர்ல வெட்டிப் பட்டை தீட்டினது. அதனால நீலக்கல்ல கண்ண மூடிக்கொண்டு சொல்ற எங்கட ஆக்களே மரகதத்துல தடுமாறுவாங்க. பொறந்ததுல இருந்து கையில பழகாத கல்லு. அந்தக் கடைக்காரருக்கே தெரியாம ஈந்திருக்கலாம். பக்கெட்டுல வாங்கி, வந்த பேரச் சொல்லி வித்திருப்பார். தெரியாம வித்தாலும் பொறுப்பு அவர்டதான், அது வேற கதை.

எங்கட ஆக்களும் ஏமாந்த கதை ஈக்கி. 1970கள்ல தாய்லாந்துக்காரன் வந்து கெவுடாவ கிலோக் கணக்குல வாங்கினான். பால் கலந்த மாதிரி மங்கின கல்லு, நாங்க எறியிற சாமான். இவனுக்கு என்ன பைத்தியமா எண்டு சிரிச்சோம். அவன் கொண்டுபோய் அடுப்புல ஆயிரத்து ஐந்நூறு பாகைக்கு மேல வச்சு எடுத்தா நல்ல நீலம். சிரிச்சது ஆர் எண்டு பிறகுதான் வெளங்கிச்சு. இப்ப நாங்களும் சுடுறோம், சுட்ட கல்லு எண்டு சொல்லியே விக்கிறோம், ஆளும் வாங்குறாங்க. சொல்லி விக்கிறதுல ஒரு குறையும் இல்ல.

எங்க காட்டுறது எண்டு கேட்டீங்க. தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபைட பரிசோதனைக்கூடம் கொழும்புலயே ஈக்கி, அங்க குடுங்க. முடிஞ்சா கல்லக் கழட்டிக் கொண்டுபோங்க. மோதிரத்தோட எண்டா தங்கத்துட பாரமும் சேரும், கல்லுட அடர்த்தி எடுக்க ஏலாது.


பளிங்குப்பைத்தியம் | திங்கள், காலை 8.30

நானா சொன்ன அடர்த்தி முக்கியம். இயற்கை மரகதம் பெரும்பாலும் நீரைப் போல 2.7 மடங்குக்குச் சற்று மேலே. உருகுகுழம்புக் கல்லு 2.65, 2.66 என்று கொஞ்சம் இலேசாக நிற்கும். நீர்வெப்பக் கல்லு இயற்கையோடு கிட்டத்தட்ட ஒட்டிவிடும், அதில் அடர்த்தியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு நுணுக்குக்காட்டியும் அகச்சிவப்புக் கருவியும் வேண்டும்.


திருவோணம் | திங்கள், பின்னேரம் 4.10

எல்லாரும் விஞ்ஞானம் கதைக்கிறியள். மரகதம் புதனுக்குரிய கல்லு. புதன்கிழமை, சுண்டுவிரலில, கல்லு தோலில படுற மாதிரிப் போடவேணும். பூமிக்குள்ள கோடிக்கணக்கான வருசம் கிடந்து சக்தி ஏறின கல்லுக்கும், பிரஷர் குக்கரில ஒரு மாதத்தில அவிச்ச கல்லுக்கும் வித்தியாசம் இல்லை எண்டு சொன்னா என்னால ஏற்கேலாது. அம்மாவுக்கு நல்லது நடக்கவேணுமெண்டா இந்தக் கல்லைப் போடாதேங்கோ தங்கச்சி.


பட்டறைப்புகை | திங்கள், பின்னேரம் 5.45

திருவோணம் ஐயா, உங்க நம்பிக்கையில நான் கை வைக்கல. நவரத்தின மோதிரம் எத்தனையோ பதிச்சிருக்கேன், என் மச்சான் கையிலயும் ஒன்னு இருக்கு. ஒரு விஷயம் மட்டும் சொல்றேன். ராசிக்கல்லுன்னு வர்றதுல எத்தனை பச்சை, உண்மையில மரகதம்? ஒட்டுக்கல்லு நிறைய. மேல ஒரு துண்டு பளிங்கு, கீழ ஒரு துண்டு பளிங்கு, நடுவுல பச்சைப் பசை. பதிச்ச பிறகு மேலால பாத்தா யாருக்கும் தெரியாது. அதப் போட்டவங்களும் வேலை கிடைச்சது, கல்யாணம் நடந்ததுன்னு மிட்டாய்ப் பெட்டியோட வந்து போறாங்க.

மண்ணுல இருந்து வந்த கல்லும் அப்படியே உங்க கைக்கு வரல. வெட்டினதும் வெடிப்பு தெரியாம இருக்க சீடர் எண்ணெயில ஊறவைப்பாங்க, இல்லன்னா பிசின் ஏத்துவாங்க. கிட்டத்தட்ட எல்லா மரகதத்துக்கும் இது நடக்குது, இத யாவாரத்துல யாரும் குத்தமா எடுக்கிறதும் இல்ல. ஆனா அதத்தான் நான் தினம் பாக்கிறேன். பத்து வருஷம் கழிச்சு கொண்டுவருவாங்க, "மாஸ்டர், கல்லு வெளிறிப் போச்சு"ன்னு. கல்லு வெளிறல, எண்ணெய் காஞ்சிடுச்சு. சவர்க்காரத் தண்ணி, குசினிச் சூடு, போதாததுக்கு எவனோ ஒருத்தன் அதிர்வு மெஷின்ல போட்டுக் கழுவியிருப்பான்.

தினம் கையில போட்டு, சம்பல் அரைச்சு, பாத்திரம் கழுவுற அம்மாவுக்கு மோதிரம்னா, பதிக்கிறவனா எனக்கு லாப் கல்லுதான் நிம்மதி. உள்ள வெடிப்பு குறைவு, எண்ணெய் இல்ல, நகத்த அமுக்கும்போது கை நடுங்காது. அதுக்காக அம்மிக் கல்லுல அடிக்கச் சொல்லல. மூலை ஒடையும், எந்த மரகதமும் ஒடையும்.


திருவோணம் | திங்கள், இரவு 7.20

மிட்டாய்ப் பெட்டி விசயத்துக்கு என்னட்ட பதில் இல்லை. ஆனா நான் சொன்னதை நான் மாத்தேல்லை.


ஸ்காபரோ அக்கா | செவ்வாய், காலை 7.02

நான் லாப் மரகதம் எண்டு தெரிஞ்சுதான் வாங்கினனான். மகளின்ர எங்கேஜ்மென்ற்றுக்குத் தோடும் பெண்டனும். கடையிலயே லாப் எண்டு பெருசா எழுதித்தான் வைச்சிருந்தவை. பச்சை எண்டா அப்பிடி ஒரு பச்சை, வாழைக்குருத்தில வெயில் பட்ட மாதிரி. இயற்கையில அந்த நிறத்தில, அந்தச் சுத்தத்தில வாங்கிறதெண்டா வீட்டை வித்திருக்க வேணும்.

ஒரு விசயம் கவனம் பிள்ளையள். ஒன்லைனில "நானோ மரகதம்", "ஹைட்ரோ" எண்டு பேர் போட்டு மலிவா விக்கினம். பேரைப் பாத்து அதுவும் லாப் மரகதம் எண்டு நினைச்சு ஒரு செற் எடுத்தன். வந்தது கண்ணாடி. மூண்டு மாதத்தில பட்டையின்ர விளிம்பெல்லாம் தேஞ்சு, கூழாங்கல்லு மாதிரி. லாப் மரகதம் எண்டா என்ன முறையில, ஆர் வளர்த்தது எண்டு கடைக்காரனுக்குச் சொல்லத் தெரியவேணும்.

தங்கச்சி, நீங்கள் ஏமாந்தது கல்லில இல்லை, விலையில. அதைப் பிடியுங்கோ.


நல்லூர்_ரவுண்ட் | செவ்வாய், காலை 7.40

அப்ப அதே கல்லு, அதே அணு எண்டா ஏன் விலை மட்டும் வேற? யாவாரிகள் கட்டிவிட்ட கதை தானே எல்லாம்?


பேருவளை நானா | செவ்வாய், காலை 9.15

பாதி சரி மகன். தோண்டி எடுக்கிற கல்லு எண்ணிக்கையா வருது. கொலம்பியாட மூசோ, சிவோர் சுரங்கத்துல, சாம்பியாவுல அள்ளினா அள்ளினதுதான். நல்லது நூத்துல ஒண்டு கெடைக்குமோ தெரியா. செய்யிற கல்லுக்கு அடுப்பு ஒண்டு கூடப் போட்டா போதும். எத்தன வேணும் எண்டாலும் வரக்கூடிய சாமானுக்கு விலை நிக்காது, எறங்கும். லாப் வைரத்துக்கு என்ன நடந்திச்சி எண்டு எல்லாரும் பாத்தீங்க.

அதனால லாப் கல்ல வடிவுக்கு வாங்குங்க, மகள்ட சீதனத்துக்குச் சேத்து வைக்க வாங்காதீங்க. நாளைக்கு அவசரம் எண்டு வித்தா தங்கத்துட காசு மட்டும்தான் வரும். இயற்கைக் கல்லுக்கும் சின்னது எண்டா அந்தக் கதிதான், அதையும் சொல்லிட்டேன்.


வெள்ளவத்தைப் பொடிச்சி | சனி, இரவு 8.15

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லுறன்.

ஒழுங்கைப் பட்டறை ஐயாவே கல்லைக் கழட்டித் தந்தார். நகத்தை ஒவ்வொண்டா நிமித்தி, கல்லை விரலில எடுக்காம, ஒரு துண்டு மெழுகில ஒட்டி எடுத்தார். வெளியில எடுத்தாப் பிறகு அது ஒரு புளியங்கொட்டைக் கால்வாசிதான். இதுக்கோ இவ்வளவு கரைச்சல் எண்டு இருந்திச்சு. பரிசோதனைக்குக் குடுத்தன். வந்த பதில்: மரகதம்தான், ஆனா செயற்கை, நீர்வெப்ப முறையில வளர்த்தது. பளிங்கு அண்ணை சொன்ன மாதிரியே.

100 பஸ்ஸைப் பிடிச்சு நேர புறக்கோட்டை. கடையில முதல் சொன்னது, "நாங்கள் இயற்கை எண்டு எழுதேல்லையே, பச்சைக்கல் எண்டுதானே பில்லில இருக்கு." நான் சத்தம் போடேல்லை. கொலம்பியாவில ஆய்வுகூடம் வைச்சிருக்கிறவையோ எண்டு மட்டும் கேட்டன். பக்கத்தில தாலிக்கொடி பாத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பாத்தது. அதுக்குப் பிறகு முதலாளி உள்ளுக்கக் கூப்பிட்டு பிளேன்ரீ தந்தார்.

அவர் சொன்னது, வேற கல்லு மாத்தித் தாறன், காசு தரமாட்டன் எண்டு. நான் பரிசோதனைத் தாளை மேசையில வைச்சு, நுகர்வோர் அதிகாரசபையின்ர 1977 எண்ட முறைப்பாட்டு நம்பருக்கு எடுக்கப்போறன் எண்டன். கொஞ்ச நேரம் கல்குலேற்றரைத் தட்டினார். கடைசியில கல்லை நானே வைச்சுக்கொண்டு, லாப் கல்லுக்கு அவர் சொன்ன விலையைக் கழிச்சு, எண்பத்தையாயிரம் திருப்பித் தந்தார். புதுப் பில்லில "செயற்கை மரகதம், நீர்வெப்ப முறை, 1.40 கரட்" எண்டு எழுத வைச்சன். அவருக்கு அந்த வசனம் எழுத வரேல்லை, நான் சொல்லச் சொல்ல எழுதினார்.


நல்லூர்_ரவுண்ட் | சனி, இரவு 8.31

கழிச்ச இருபத்தையாயிரமும் கூட எண்டுதான் நான் சொல்லுவன். ஆனாலும் கெட்டிக்காரி.


ஸ்காபரோ அக்கா | சனி, இரவு 8.50

அம்மாவுக்குச் சொல்லிட்டியளோ? இல்லாட்டி ஒளிச்சு வைச்சிருக்கிறியளோ?


வெள்ளவத்தைப் பொடிச்சி | சனி, இரவு 9.30

அதுதான் அக்கா இதில பெரிய கதை. ஒளிக்கேலாமப் போச்சு, பில்லைத் தம்பி மேசையில விட்டிட்டான். எல்லாத்தையும் சொன்னன். அம்மா கேட்டுக்கொண்டு இருந்திட்டு, ஒண்டும் சொல்லாம எழும்பிப் போய், அலுமாரிக்குள்ள இருந்து ஒரு பழைய பவுடர் ரின்னைக் கொண்டுவந்தா. உள்ளுக்க பஞ்சு. பஞ்சுக்குள்ள ஒரு பச்சைக்கல்லு.

95 இல மோதிரத்தை வாங்கினவன் தங்கத்தைத்தான் நிறுத்தவனாம். "கல்லுக்கு விலை இல்லை அம்மா" எண்டு கழட்டிக் கையில குடுத்திட்டானாம். முப்பது வருசமா அவ அதை வைச்சிருந்திருக்கிறா, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை. நாங்கள் முழு மோதிரமும் போயிட்டுது எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தனாங்கள்.


மட்டுநகர் மீன் | சனி, இரவு 9.34

அடி ஆத்தே.


பளிங்குப்பைத்தியம் | சனி, இரவு 9.41

அதையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்! எந்தக் காலத்துக் கல்லு அது? அம்மாவின் அம்மாவுடையதா? உள்ளே என்ன தெரிகிறது, வரியா, திரையா, தோட்டமா? ஒரு படம் போட முடியுமா?


பேருவளை நானா | சனி, இரவு 9.55

ஆருக்கும் காட்டத் தேவயில்ல தங்கச்சி. ஒரு வெள்ளக் கோப்பையில தண்ணி ஊத்தி, கல்லப் பக்கவாட்டுல போட்டுப் பாருங்க. ஒட்டுக்கல்லு எண்டா மேலயும் கீழயும் வெள்ளயா, நடுவால ஒரு பச்சைக் கோடு தெரியும். முழுக்கப் பச்சையா ஈந்தா பிறகு யோசிப்போம்.


வெள்ளவத்தைப் பொடிச்சி | சனி, இரவு 10.20

நானா, நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். கோப்பையும் எடுத்து வைச்சன். அவ ரின்னை மூடி மடியில வைச்சுக்கொண்டு, "அதுக்குத் தண்ணி வேண்டாம்" எண்டா. நான் இனிக் கேக்கமாட்டன்.

லாப் கல்லை அவவுக்குப் பிடிச்சிருக்கு. "இதைப் போட்டுக்கொண்டு மீன் வெட்டலாம் தானே" எண்டு கேட்டா.


பட்டறைப்புகை | சனி, இரவு 10.44

வெட்டலாம், ஆனா வேலை முடிஞ்சதும் பழைய பல்லுப் பிரஷ்ஷால, இளஞ்சூட்டுத் தண்ணியில, கல்லுக்கு அடிப்பக்கமா தேய்க்கச் சொல்லுங்க. செதில் நகத்துக்குள்ள மாட்டும், பச்சை மங்கும்.

அப்புறம் அளவு. நித்திரையில நூல் சுத்தினதெல்லாம் இனி வேணாம். அம்மாவக் கூட்டிக்கிட்டு பின்னேரம் போங்க. காலையில விரல் ஒரு அளவு, வெயில் ஏறினா இன்னொரு அளவு. கொழும்புப் புழுக்கத்துக்கு பின்னேர அளவுதான் சரி.


வெள்ளவத்தைப் பொடிச்சி | சனி, இரவு 10.47

சரி அண்ணா. திங்கள் பின்னேரம் கூட்டிக்கொண்டு போறன்.